அன்னையருக்கும் ஒரு கணிப்பொறி வகுப்பு

கையெழுத்துப் போடத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று இகழும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அந்தப் பழியைத் துடைக்கத்தான் 1990களில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலிலும் வீட்டிலும் உழைத்த பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி அமர்ந்து அ, ஆ எழுதிப் பழகினார்கள். வங்கிப் படிவத்தில் முதன்முதலாகத் தம் பெயரைத் தாமே எழுதியபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

அவர்களில் பலர் இன்று மீண்டும் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நியாயவிலைக் கடையில் விரல் ரேகை, வங்கியில் விரல் ரேகை, சிம் கார்டு வாங்கும் கடையிலும் விரல் ரேகை. விரலை வைப்பதில் தவறு ஒன்றுமில்லை, நாமும் வைக்கிறோம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், எதிரில் இருப்பவர் சொன்ன இடத்தில் சொன்னபடி வைப்பதுதான் வருந்தத்தக்கது. தினத்தந்தியைத் தடையின்றிப் படிக்கும் அம்மையார்கூடத் திரையைக் கண்டதும், "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, நீயே பாரு" என்று சொல்லிவிடுகிறார். எழுத்தறிந்த ஒருவர் தம்மை எழுத்தறியாதவராகவே எண்ணிக்கொள்ளும் நிலை இது.

நம் பள்ளியைச் சுற்றி இத்தகையோர் எத்தனை பேர்! மயிலாப்பூர் மாடவீதிகளில் முழம் போட்டுப் பூ விற்பவர்கள், நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் மீன் கூடை சுமப்பவர்கள், தியாகராய நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள், அடையாற்று வீடுகளில் சமையல் வேலைக்குச் செல்பவர்கள். நம்முள் பலருடைய தாய்மாரும் பாட்டிமாரும் இவர்களிலேயே இருக்கிறார்கள். நம் பள்ளியின் கணிப்பொறி அறையோ சனிக்கிழமை பிற்பகலில் பூட்டியே கிடக்கிறது. அந்த அறையைத் திறந்து இந்த அன்னையருக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்க வேண்டும், அதை மாணவியராகிய நாமே அளிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

"எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறதே, கணிப்பொறி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். கைபேசி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை இயக்குகிறவர் யார்? நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அம்மா ஒன்றைத் தொட வந்தால், "நீ விடும்மா, நான் பண்றேன்" என்று பிடுங்கிக்கொள்கிறோம். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த மாதமும் அவர் நம்மையே எதிர்பார்த்து நிற்கிறார். நாம் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்து ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், அதைச் சொல்லலாமா கூடாதா என்று யாரைக் கேட்பார்? பணம் பறிபோன உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம் என்பதுகூட எத்தனை வீடுகளில் தெரியும்?

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பணம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, செய்தி கைபேசிக்கு வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்ய இ-சேவை மையத்தின் வழியே இணையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. தம் பெயரில் வந்த பணத்துக்கும் தம் பெயரில் வந்த மறுப்புக்கும் காரணம் அறிய இன்னொருவர் கையை எதிர்பார்ப்பது சுதந்திரம் ஆகுமா?

மேலும், கைபேசியின் சிறு திரையில் கற்பவரும் கற்பிப்பவரும் சேர்ந்து பார்க்க இயலாது. பெரிய திரையில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவரும் படிக்கலாம். ஒரு விண்ணப்பம் தட்டுவதற்கும், கடைக் கணக்கு எழுதுவதற்கும், பிற்பாடு ஒரு வேலை தேடிக்கொள்வதற்கும் விசைப்பலகைப் பழக்கம் வேண்டும். கணிப்பொறியில் அச்சம் நீங்கியவருக்குக் கைபேசி தானே வசப்படும்.

இப்படி ஒரு வகுப்பு நம் ஊருக்குப் புதியதன்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தெருவுக்குத் தெரு தட்டச்சுப் பயிலகங்கள் இருந்த காலம் நம் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கும். மாடிப்படி ஏறினால் ஒரு நீண்ட அறை, வரிசையாக ரெமிங்டன், கோத்ரெஜ் இயந்திரங்கள், காதைத் துளைக்கும் ஓசை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், கட்டக்கூடிய கட்டணம். பள்ளி இறுதி வகுப்பு முடித்த பெண்ணும், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய குமாஸ்தாவும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஏ, எஸ், டி, எஃப் என்று அடித்துப் பழகினார்கள். நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். அந்த இரண்டு சான்றிதழ்களைக் கொண்டே சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பெண் அலுவலகத்துக்குள் அடியெடுத்து வைத்தாள். அந்தப் பயிலகங்களிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே ஆசிரியர் ஒருபோதும் மாணவிக்காகத் தட்டச்சு செய்து கொடுத்ததில்லை. தாளைச் செருகுவது முதல் எடுப்பது வரை அவள் கைதான். பிழை வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடுவார்.

அரசாங்கமும் சும்மா இருந்துவிடவில்லை. 2017-ல் மத்திய அரசு பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவராக 6 கோடிப் பேருக்கு 20 மணி நேரப் பயிற்சி என்பது இலக்கு. 2024 மார்ச் 31-ல் அது நிறைவுற்றபோது 6 கோடியே 39 லட்சம் பேர் பயிற்சி பெற்றிருந்தனர். பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் அது 'ஊரக' இயக்கம். நொச்சிக்குப்பம் மாநகராட்சிக்குள் இருப்பதால் அங்குள்ள மீனவப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. அன்றியும் வயது வரம்பு 14 முதல் 60 வரை. 61 வயதுப் பாட்டியின் முதியோர் ஓய்வூதியமும் வங்கி வழியாகத்தானே வருகிறது? நகரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள் போலும்! லஸ் முனையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும்.

அண்டை மாநிலமான கேரளம் வயது வரம்பு வைக்கவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கிய முயற்சி மாநிலம் முழுவதும் பரவி, 2025 ஆகஸ்ட் 21 அன்று முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற அறிவிப்பில் முடிந்தது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்துச் சுமார் 21 லட்சத்து 87 ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளித்தார்கள். கற்பித்தவர்களில் மாணவரும் குடும்பஸ்ரீ மகளிரும் இருந்தனர். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, இளைப்பாறும் வேளையில் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்புக்கு வரமாட்டேன் என்று யாரும் அடம் பிடிப்பதில்லை, வர நேரமில்லாமல்தான் வராமல் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் ஊரிலும் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். அங்கே கணிப்பொறியின் முன் அமர்ந்து, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தியை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணிப்பொறி என்றால் என்ன என்று அந்த ஊராருக்கு யாரும் விரிவுரை செய்யவில்லை. கட்டுமரத்தைத் தள்ளலாமா வேண்டாமா என்பது அவர்களுடைய கேள்வி, அதற்கு விடை வந்தது, அவ்வளவுதான்.

இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொடக்கநிலைப் பாடப் புத்தகம் எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் சார்லஸ் பாபேஜ் நிற்கிறார். இரண்டாம் பக்கத்தில் ராம், ரோம் என்று நினைவகங்களின் பெயர்கள். நமக்குத் தேர்வு இருக்கிறது, ஆகவே மனப்பாடம் செய்தோம். பூக்கடை அம்மாவுக்குப் பாபேஜ் எதற்கு? முதல் நாள் அவர் தட்ட வேண்டியது தம் சொந்தப் பெயர், அதுவும் தமிழில்.

தமிழில் என்று சொல்லும்போது பலர் தயங்குகிறார்கள். ஆங்கிலம் தெரியாமல் விசைப்பலகையைத் தொட முடியாது என்பது பரவலான எண்ணம். 'அம்மா' என்று எழுத முதலில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஆங்கிலத்தில் நினைத்துப் பார்க்கும் முறையே நம்மிடையே பெருகிவிட்டதால் வந்த வினை இது. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் பயனாக உருவானது 'தமிழ் 99' விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் 'அம்மா' வந்து நிற்கும். ஒரே மெய் இரு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். த, ங, க, ஐ என்றால் 'தங்கை', அங்கும் புள்ளியைத் தனியே தேட வேண்டியதில்லை. அறிவொளியில் உயிரும் மெய்யும் கற்ற பாட்டிக்கு இதைவிட எளிய வழி இருக்க முடியுமா? அவர் கற்ற எழுத்தே இங்கே கைகொடுக்கிறது. இதற்கான மென்பொருளைக் கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே அளித்து வந்திருக்கிறது. நம் பள்ளி அறையில் உள்ள விசைப்பலகைகளில் தமிழெழுத்து அச்சிட்ட ஒட்டுத்தாள்களை ஒட்டுவது ஒரு பிற்பகல் வேலை.

இனிக் கற்பிக்கும் முறை. மவுஸைப் பிடிப்பதுதான் முதல் இடர். சிலர் அதை மேசையிலிருந்து தூக்கிவிடுவார்கள். சிலர் அம்புக்குறியைத் தேடித் திரையைக் கையால் தடவுவார்கள். இருமுறை விரைவாக அழுத்தச் சொன்னால், முதல் அழுத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் கை நகர்ந்துவிடும், கோப்பு திறக்காது. உடனே பக்கத்தில் நிற்பவர் அவர் கைமேல் கை வைத்து அழுத்திவிடுகிறார். இதைத்தான் கூடாது என்கிறோம். இருமுறை அழுத்த வராவிட்டால் ஒருமுறை அழுத்தித் தேர்ந்தெடுத்து 'என்டர்' விசையைத் தட்டட்டும், அதுவும் திறக்கும். அமைப்புகளுக்குள் போய் இரட்டை அழுத்தத்தின் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், அம்புக்குறியைப் பெரிதாக்கலாம். வழி பல இருக்கக் கையைப் பறிப்பானேன்? அறிவொளிக் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள் என்று படித்திருக்கிறோம். சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு எத்தனை தூரமும் ஓடலாம், ஆனால் ஏறி மிதிப்பவர் அவர்தானே!

விரல்களுக்குத் திறமை இல்லை என்று எண்ணவே வேண்டாம். பேசிக்கொண்டே, பார்க்காமலே, நாரில் மல்லிகையைக் கட்டும் விரல்கள் அவை. குறுக்கே நிற்பது அச்சம். 'எதையாவது தொட்டுக் கெடுத்துவிட்டால் யார் பணம் கட்டுவது?' என்ற அச்சம். ஆகவே முதல் பாடமாகக் கண்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பது நம் துணிபு. தவறாக எதையாவது அழித்துவிட்டால் அந்த இரு விசைகள் மீட்டுத் தரும். வேண்டுமென்றே ஒரு வரியை அழிக்கச் செய்து, மீட்கவும் செய்ய வேண்டும். நாலு முறை செய்தால் முகம் தெளிந்துவிடும். அதன்பின் பெயரைத் தட்டிச் சேமித்து, அடுத்த சனிக்கிழமை வந்து அதே கோப்பைத் தாமே தேடி எடுக்கட்டும். போன வாரம் வைத்த இடத்தில் இந்த வாரம் இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு அது அவருடைய இயந்திரம். பின்னரே கைபேசிச் செய்திகளைப் படித்தல், போலிச் செய்தியை அறிதல், விண்ணப்பம் நிரப்புதல் எல்லாம்.

அழைக்கும் முறையும் முக்கியம். அம்மா, அக்கா, பாட்டி என்றே அழைப்போம். 'ஆன்ட்டி' என்று சொன்னால் பாதிப் பேர் மறுவாரம் வரமாட்டார்கள்.

சிறு பெண்கள் பெரியவர்களுக்குப் பாடம் சொல்வதா என்று முகம் சுளிப்பவர்களுக்குத் துர்காபாய் தேஷ்முக் அவர்களை நினைவூட்ட விரும்புகிறோம். அடையாற்றில் இருக்கும் ஆந்திர மகிள சபையை உருவாக்கியவர் அவர். காக்கிநாடாவில் சிறுமியாக இருந்தபோதே பெண்களுக்கு இந்தி வகுப்பு நடத்தினார், அவருடைய மாணவியரில் பெற்ற தாயும் ஒருவர். (1923 காங்கிரஸ் மாநாட்டையொட்டிய கண்காட்சியில் தொண்டராக நின்று, நுழைவுச் சீட்டு இல்லாத நேருவையே தடுத்து நிறுத்திய சிறுமியும் இவர்தான்!) பின்னாளில் சென்னையில், பள்ளியை இடையில் விட்ட பெண்களுக்குச் சுருக்கமான வகுப்புகள் நடத்திக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வுக்கு அனுப்பினார். நம் தெருக்களில் நடந்த கதை இது.

அருட்சகோதரியருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்கள் புனிதராக அறிவித்த கார்லோ அகுதிசின் படம் இப்போது பல பள்ளிகளில் இருக்கிறது. கணிப்பொறியைக் கையாண்டு நற்கருணைப் புதுமைகளை உலகுக்கு அறிவித்த சிறுவர் என்று நமக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஓர் அருட்சகோதரியே இத்துறைக்கு முன்னோடி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மரியன்னையின் அன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாட்டில் கணிப்பொறி அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அயோவா மாநிலத்தில் தம் சபையினர் நடத்திய கிளார்க் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கி 20 ஆண்டுகள் தலைமை தாங்கி, 1985-ல் மறைந்தார். வேலைக்குப் போகும் தாய்மாரைப் படிக்க அழைத்த அவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே வகுப்புக்கு வரலாம் என்று ஊக்குவித்தார் என்பர். ஒரு கணிப்பொறியின் விலையில் ஒரு வீடு வாங்கலாம் என்றிருந்த காலம் அது. அதன் அருகே கைக்குழந்தையை அனுமதித்த கன்னியரின் வழிவந்தவர்கள், நம் பள்ளியின் பழைய கணிப்பொறிகளுக்காக அஞ்சுவார்களா?

பெற்றோரின் கவலை படிப்பைப் பற்றியதாக இருக்கும். பத்தாம் வகுப்பினரையும் பன்னிரண்டாம் வகுப்பினரையும் விட்டுவிடலாம், மற்ற வகுப்பினர் முறை வைத்து வந்தால் ஒரு மாணவிக்கு மாதம் ஒரு சனிக்கிழமைதான் வரும். அறிமுகமில்லாதவர்கள் பெண்கள் பள்ளிக்குள் வருவது பற்றிய தயக்கமும் நியாயமே. பெற்றோரிடமிருந்தும், பங்கின் அன்பியங்களிலிருந்தும், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்தும் பெயர்ப்பட்டியல் பெற்றுக்கொள்ளலாம். எந்தச் சமயத்தினராயினும் சரி, பெண்கள் மட்டும். கணிப்பொறி ஆசிரியை ஒருவரும் அருட்சகோதரி ஒருவரும் உடனிருக்க வேண்டும். இயந்திரத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே சேர்க்க வேண்டும், இருவரை உட்கார வைத்தால் கூச்சமுள்ளவர் கடைசிவரை வேடிக்கை பார்ப்பார்.

நேரம் பிற்பகல் 2 முதல் 3.30 வரை. அதற்குள் மீன் விற்றுத் தீர்ந்திருக்கும், மாலைப் பூ வியாபாரம் தொடங்கியிராது, சமையல் வேலைக்குச் செல்பவர்களுக்கும் இடைவேளை. வாரம் ஒன்றரை மணி வீதம் 14 சனிக்கிழமைகளில் 21 மணி நேரம் ஆகிவிடும், மத்திய அரசின் திட்டத்தைவிட ஒரு மணி கூடுதல். கட்டணமாகத் தாளுக்கும் அச்சு மைக்கும் ஆகும் சிறு தொகையை மட்டும் வாங்கலாம். முழுதும் இலவசம் என்றால் வரத் தயங்குகிற தன்மானம் நம் அன்னையருக்கு உண்டு. கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் தாமே தட்டிய கடிதம் ஒன்றை அச்சிட்டு, அடியில் தம் கையெழுத்தைப் பேனாவால் போட்டு எடுத்துச் செல்லட்டும்.

ஜூலை முதல் வாரத்தில் தொடங்கினால் ஆயுத பூஜை விடுமுறையும் காலாண்டுத் தேர்வும் போக, தீபாவளியை ஒட்டி முதல் அணி முடிந்துவிடும். ஒட்டுத்தாள்கள் ஒட்டவும், தெருத் தெருவாகச் சென்று சொல்லிவிட்டு வரவும் மாணவியர் ஆயத்தமாக இருக்கிறோம். சனிக்கிழமைகளில் அறைச் சாவி யாரிடம் இருப்பது என்பதை மதர் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.